நன்னாரி வேருக்கும் பானகத்துக்கும் ஓப்பினெல் 8: மடக்குக் கத்தி எப்படி உழைக்கிறது?

பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஓப்பினெல் செய்யத் தொடங்கிய கத்தி இது. 8-ஆம் எண்ணில் அலகு 8.5 செ.மீ., பிடி பீச் மரம். பையில் கிடப்பதே தெரியாது. கார்பன் எஃகிலும் வரும், துருப்பிடிக்காத எஃகிலும் வரும். இங்கே பேசுவது கார்பன் அலகு.

வீட்டில் நன்னாரி சர்பத் போடுகிறவர்களுக்கு இதைவிட வாகான கத்தி கிடைப்பது கஷ்டம். நன்னாரியின் மணம் வேர்ப்பட்டையில்தான். நடுநரம்பு வெறும் குச்சி. வேரைக் கழுவி அரைமணி ஊறவிட்டு, அலகின் நுனியால் நெடுக ஒரே கீறு. பிறகு அலகின் முதுகால் நெம்பினால் பட்டை சுருளாக உரிந்து வரும். ஊறாத வேரைக் கீறினால் அலகு வழுக்கி விரலைப் பதம் பார்க்கும். கீறும் முன் கழுத்து வளையத்தைத் திருகிப் பூட்டிவிடுங்கள். 1955-இல் வந்த அந்த வளையம் இல்லையென்றால் அலகு கைமேல் மடங்கும்.

50 கிராம் பட்டையை ஒன்றிரண்டாக இடித்து, கொதித்து இறக்கிய 600 மி.லி. நீரில் போட்டு மூடி இரவு முழுக்க ஊறவிடவும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். வடிகட்டினால் சுமார் 500 மி.லி. தேறும். அதில் 1 கிலோ சர்க்கரையை இளஞ்சூட்டில் கரைத்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் பாகில் சர்க்கரை மறுபடி கட்டியாகாது. சர்க்கரையைக் குறைத்தால் சில நாளில் நுரைத்துப் புளிக்கும். ஒரு தம்ளருக்கு 30 மி.லி. போதும். ஜிகர்தண்டாவுக்கும் இதையே ஊற்றலாம்.

கார்பன் அலகுக்கு ஆகாதது எலுமிச்சை. அமிலம் பட்டதும் அலகு சாம்பல் பூக்கும். புது அலகென்றால் சாற்றில் இரும்பு வாடை வரும். ராமநவமிப் பானகத்துக்கு (1 லிட்டர் நீர், 150 கிராம் வெல்லம், அரை டீஸ்பூன் சுக்குப்பொடி, 3 ஏலக்காய், சிட்டிகை உப்பு) ஒரு பழம் நறுக்குவதானால் கடைசியில் நறுக்கி, உடனே கழுவித் துடைக்கவும். வெல்லக் கரைசலை முதலிலேயே வடிகட்டுங்கள், மண் இருக்கும். நாளாக நாளாக அலகில் படியும் கருநீலப் படலம் நல்லது, தேய்த்து எடுக்க வேண்டாம். செம்பழுப்புப் புள்ளிதான் துரு. எலுமிச்சை தினமும் நறுக்குகிற வீட்டுக்குத் துருப்பிடிக்காத அலகே சரி.

மழைக்காலத்தில் மரப்பிடி ஊதி அலகு திறக்க மறுக்கும். நகத்தால் மல்லுக்கட்டாமல் பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் தட்டினால் அலகு வெளியே எட்டிப் பார்க்கும், சவோய்க்காரர்களின் பழைய வித்தை. நிரந்தரத் தீர்வுக்கு, பிடியை நிழலில் காயவைத்து, பள்ளத்தின் உட்புறத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி ஓரிரு நாள் விடவும். நல்லெண்ணெய் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். தண்ணீரில் ஊறப்போடவே கூடாது.

கூர் மங்கினால் 1000 நம்பர் சாணைக்கல்லில் பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி சாய்த்துப் பத்து இழுப்பு போதும். விமானம் ஏறும்போது மட்டும் கைப்பையில் வைக்காமல், சரக்கில் ஏற்றும் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.