விண்கல மாதிரிக்குள் மலிவு விளக்கு

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடையொன்றில் வாங்கிய, வயர் பற்றவைத்தே வரும் 3 மில்லிமீற்றர் வெள்ளை எல்.இ.டி. பொதி, விண்கல மாதிரிகளுக்கு முதன்முறையாக ஒளியூட்டுபவர்களுக்குப் போதுமானது. விலையும் இரண்டு சோற்றுப் பார்சலுக்கு மேற்படாது. வெள்ளை எல்.இ.டி. ஏறத்தாழ 3 வோல்ற்றில் ஒளிர்வதால், ஒன்றிரண்டுக்கு சீ.ஆர். 2032 பொத்தான் பற்றரியே காணும். 9 வோல்ற் பற்றரியென்றால் ஒவ்வொன்றுக்கும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் 470 ஓம் தடையி அவசியம், அதை நாம் கேட்டால்தான் கடைக்காரர் எடுத்துத் தருகிறார். வயர்தான் பலவீனம்: ஈயம் வைத்த இடத்தில் சற்று வளைத்தாலே அறுந்துவிடுகிறது, ஆகவே அங்கே ஒரு துளி பசை இடுவது நல்லது. மெல்லிய பிளாஸ்ரிக் உடலினூடாக ஒளி கசிந்து முழுக் கலமுமே ஒளிர்வதைத் தவிர்க்க, உட்புறத்தில் முதலில் கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் பூசினால், ஊசித்துளை யன்னல்கள் மட்டும் பளிச்சென்று தெரியும். இந்த நீலச்சாயல் வெள்ளை இயந்திர முனைக்கு அழகு. யன்னல்களுக்கு மஞ்சள் கலந்த வெள்ளையையே வாங்குவேன்.