மேடையில் காணாமல் போகும் ஃபஸ் பெடல்: நாலு வருஷ அனுபவம்

கிடார் சத்தத்தைக் கரகரவென்று ஆக்கி இழுக்கும், காலால் மிதிக்கிற பெட்டிதான் ஃபஸ் பெடல். போன வாரம் என்னுடையதில் மிதிக்கிற சுவிட்ச் செத்துப்போய், புதிதாக ஒன்று மாற்றிக்கொண்டு வந்தேன். பார்த்த நண்பன் கேட்டான்: "நானும் ஒண்ணு வாங்கலாமாடா?" வாயால் சொன்னால் திட்டு மட்டும்தான் வரும் என்று எழுதுகிறேன்.

பிக் மஃப் என்ற பிரபலமான ஃபஸ் பெடலின் சர்க்யூட்டை வைத்து ஒருவர் கையால் செய்து விற்றது. தனியாக வாசித்தால் சொக்கிப்போவோம். ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்தால், டீ ஆறும்வரை நிற்கும்.

பேண்டோடு சேர்ந்தால் ஆளைக் காணோம். முதல் மேடையில் சோலோவுக்கு மிதித்தேன். சத்தம் ஏறுவதற்குப் பதில் கிடாரே மறைந்தது. கீபோர்டுகாரர் திரும்பி, வயர் கழன்றுவிட்டதா என்று சைகையில் கேட்டார்! ஆம்பைக் கூட்டினேன், மிக்ஸரில் சவுண்ட்காரர் குறைத்தார்.

இந்த சர்க்யூட்டின் டோன் பகுதி 1 கிலோஹெர்ட்ஸ் பக்கமாகப் பள்ளம் தோண்டிவிடுகிறது. கூட்டத்தில் கிடார் காதில் விழுவதே அந்த மிட் (நடு அதிர்வெண்) பகுதியால்தான். பள்ளத்துக்குக் கீழே மிஞ்சுவதை பேஸ் கிடாரும் கிக் ட்ரம்மும் விழுங்கும். மேலே மிஞ்சுவது சிம்பலோடு போய்விடும். சுரத்தை நீட்டும் சஸ்டெயின் குமிழை முழுசாகத் திருகினால், மீட்டும் வில்லை கம்பியில் படும் அந்த 'டக்'கும் நசுங்கிவிடும்.

நண்பர் ஒருவரின் டியூப் ஸ்க்ரீமரை (மிட்டைத் தூக்கும் ஓவர்டிரைவ் பெடல்) ஃபஸ்ஸுக்குப் பின்னால் போட்டுப் பார்த்தேன், பாதிக் கிணறு தாண்டியது. கடைசியில் காப்பாற்றியது ஏழு பட்டை ஈக்யூ பெடல், அதாவது ஒவ்வொரு அதிர்வெண் பட்டையையும் தனியாக ஏற்றி இறக்குவது. ஃபஸ்ஸுக்கு அடுத்து அதை வைத்து, 800 ஹெர்ட்ஸை 6 டெசிபல் ஏற்றி, 100 ஹெர்ட்ஸை இறக்கி, லெவலைக் கொஞ்சம் தூக்கினேன். சஸ்டெயின் பாதிக்கும் கீழே. வீட்டில் இந்த செட்டிங்கைக் கேட்டால் தகர டப்பாவில் தேனீ புகுந்த மாதிரி இருக்கும், சகிக்காது. மேடையில் அதுதான் கத்தி மாதிரி நிற்கிறது. போன நிகழ்ச்சியில் சவுண்ட்காரரே கையைக் காட்டி "குறைங்க" என்றார். நாலு வருஷத்தில் அந்தப் பெடலுக்குக் கிடைத்த முதல் மரியாதை.

சரி, ஒரு பெடல் காதில் விழுவதற்கு இன்னொரு பெடல் வாங்க வேண்டுமா? அதுவும் ஃபஸ்ஸைவிட அதிக விலையில்? நினைத்தால் இப்போதும் எரிகிறது.

நண்பனுக்குப் பதில்: புதிதாக வாங்காதே, என்னுடையதை எடுத்துக்கொள். சுவிட்ச் புதுசு. ஈக்யூவை மட்டும் கேட்காதே.