கூகுளா, ரைக்ஸ்மியூசியமா: வீட்டிலிருந்து ஓவியம் பார்க்க எது?

உலக ஓவியங்களைச் சுற்றிப் பார்க்க கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் அருமையான தளம். 2011இல் 17 அருங்காட்சியகங்களோடு தொடங்கி, இன்று பல நாட்டுத் தொகுப்புகளை ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. வான்கோவின் ‘விண்மீன்கள் நிறைந்த இரவு’ ஓவியத்தைப் பெரிதாக்கினால் தூரிகைத் தடம்கூடத் தெரியும். ஆனால் பெரும்பாலும் பார்ப்பதோடு சரி, படத்தை எடுத்துக்கொள்ள முடியாது.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகம் 2012 முதல், காப்புரிமை முடிந்த தன் படைப்புகளின் உயர்தரப் படங்களை இலவசமாகவே தருகிறது. டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தைத் தரவிறக்கி, அச்சிட்டு, வகுப்பறைச் சுவரில் ஒட்டலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்த ஓவியத்தின் மஞ்சள் பூத்த மோசமான நகல்கள் இணையமெங்கும் பரவிக் கிடந்ததும் இப்படித் திறந்துவிட ஒரு காரணம். எவ்வளவு நல்ல முடிவு! அப்புறம், ரெம்பிராண்ட் 1642இல் முடித்த ‘இரவுக் காவல்’. அதன் 71,700 கோடி பிக்சல் படத்தை 2022இல் வெளியிட்டார்கள். நிறத்துகள்கள் வரை நெருங்கிப் பார்க்கலாம்.

ஓவியம் சொல்லித்தரும் ஆசிரியர் கேட்டால் ரைக்ஸ்மியூசியத்தைத்தான் சொல்வேன். அங்கே டச்சுக் கலைதான் அதிகம்; மற்ற நாட்டு ஓவியங்களுக்குக் கூகுள் பக்கம் போகலாம்.