ஒரு லீற்றர் டீசலில் எத்தனை அலகு? வாயுச் சுழலிச் சுற்றுகள் மூன்றின் அலசல்

காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் கரைகளில் செம்மண் வெளித்தெரியத் தொடங்கும் மாசி, பங்குனி மாதங்களில், மலையகத்து நீர்மின் நிலையங்கள் தண்ணீரை எண்ணி எண்ணி விட, கொழும்புப் பக்கத்தில் களனிதிஸ்ஸவிலும் கெரவலப்பிட்டியவிலும் உள்ள வாயுச் சுழலிகளின் உழைப்பு கூடுகிறது. ஒரு லீற்றர் டீசலில் அடங்கியுள்ள வெப்பம் ஏறக்குறைய 10 அலகு மின்சாரத்துக்குச் சமமானது. அதில் எத்தனை அலகு கம்பிக்கு வந்து சேரும் என்பதைச் சுழலி ஓடும் சுற்றே, அதாவது காற்றும் வெப்பமும் அதில் கடந்துபோகும் படிகளின் ஒழுங்கே, பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

தனிச் சுற்றில் அமுக்கி காற்றை நெருக்குகிறது, தகன அறை அதைச் சூடாக்குகிறது, சுழலி அந்தச் சூட்டிலிருந்து வேலையைப் பெறுகிறது, மிச்சம் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. இழப்புகளே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டால், இதன் வினைத்திறன் (எரிபொருளின் வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கு) அமுக்க விகிதத்தை, அதாவது அமுக்கி காற்றின் அமுக்கத்தை எத்தனை மடங்காக்குகிறது என்பதை, மட்டுமே சார்ந்தது: விகிதம் 4 என்றால் சுமார் 33 சதவீதம், 10 என்றால் 48, 20 என்றால் 57க்குச் சற்று மேல். நடைமுறையில் இந்த எண்கள் எட்டாதவை. சுழலி ஈட்டுவதில் பெரும்பகுதியை அதே தண்டில் பூட்டிய அமுக்கியே தின்றுவிடுவதால், இரண்டிலும் ஏற்படும் சிறு குறைபாடுகூட மிச்ச வேலையைப் பெரிதாக வெட்டிவிடுகிறது. 1939இல் சுவிற்சர்லாந்தின் நியூஷாத்தலில் இயங்கத் தொடங்கிய முதல் பொது மின்னுற்பத்தி வாயுச் சுழலி 15,400 கிலோவோட் ஈட்டி, அதில் 11,400ஐ அமுக்கிக்குக் கொடுத்துவிட்டு, 4,000ஐ மட்டுமே வெளியே தந்தது. அதன் வினைத்திறன் 17 சதவீதத்தை ஒட்டியிருந்தது. இன்றைய பெரிய தனிச் சுழலிகள் பொதுவாக 35 முதல் 42 சதவீதம் வரை தருகின்றன.

வெளியேறும் சூட்டைக் கொண்டு, தகன அறைக்குப் போகும் காற்றை முன்கூட்டியே சூடாக்குவது மீள்வெப்பச் சுற்று. கேட்டவுடன் எல்லாருக்கும் பிடித்துப்போகும் யோசனை இது. ஆனால் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமும் இதுதான். உள்ளே வரும் காற்று 300 கெல்வின், சுழலியின் நுழைவாயில் 1,400 கெல்வின் என்று கொள்வோம். அமுக்க விகிதம் 4 ஆக இருக்கும்போது குறையற்ற மீள்வெப்பம் இலட்சிய வினைத்திறனை 33இலிருந்து 68 சதவீதத்துக்குத் தூக்கிவிடுகிறது. விகிதம் 10இல் 48 என்பது 59 ஆகிறது. விகிதம் 15ஐ எட்டும்போது ஆதாயம் முற்றாக மறைகிறது, ஏனெனில் அமுக்கியை விட்டு வரும் காற்றும் சுழலியை விட்டு வரும் வாயுவும் அப்போது ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. விகிதம் 20இல் அமுக்கிய காற்றுதான் அதிகச் சூடானது. அங்கே வெப்ப மாற்றியைப் பொருத்தினால் காற்றின் சூடு புகைபோக்கிக்குப் போகும். ஆகவே இது சில பத்துக் கிலோவோட் நுண்சுழலிகளில், விகிதம் 4ஐ ஒட்டி, நன்றாகப் பயன்படுகிறது; பெரிய நிலையங்களில் அரிது.

கூட்டுச் சுற்று அதே சூட்டை வேறொரு வேலைக்கு அனுப்புகிறது. 500 பாகை செல்சியசுக்கு மேல் வெளிவரும் வாயு கொதிகலனில் நீராவியை ஆக்க, அந்த நீராவி இரண்டாவது சுழலியை ஓட்டுகிறது. வாயுச் சுழலி 38 சதவீதத்தை எடுத்துக்கொண்டால் மிஞ்சும் 62இல் நீராவிப் பக்கம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எடுத்தாலே மொத்தம் 60ஐ நெருங்குகிறது; எரிபொருள் ஒரு துளியும் கூடவில்லை. பிரான்சின் பூஷேன் நிலையம் 2016இல் 62.22 சதவீதத்தைப் பதிவு செய்தது. களனிதிஸ்ஸவின் 165 மெகாவோட் கூட்டுச் சுற்றிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியின் கொடை. லீற்றர் கணக்கில் சொன்னால், 33 சதவீதத்தில் ஓடும் தனிச் சுழலி தருவது 3.3 அலகு, 50 சதவீதத்தில் ஓடும் கூட்டுச் சுற்று தருவது 5 அலகு.

அப்படியானால் தனிச் சுற்றை ஏன் வைத்திருக்க வேண்டும்? குளிர்ந்து கிடக்கும் கொதிகலனையும் நீராவிச் சுழலியையும் பதமாகச் சூடாக்கப் பல மணி நேரம் வேண்டும். தனிச் சுழலி அரை மணி நேரத்துக்குள் முழுச் சுமைக்கு வந்துவிடும். மாலை ஏழு மணி நெருக்கடிக்கு மட்டும் ஓடும் இயந்திரத்தில் கொதிகலனுக்குப் பணம் போடுவது வீண் என்பது என் கருத்து. வறட்சியில் வாரக்கணக்கில் ஓட வேண்டியிருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். கெரவலப்பிட்டியவின் 350 மெகாவோட் சோபாதனவி நிலையம் 2024இல் முதலில் தனிச் சுற்றில் ஓடத் தொடங்கியது. நீராவிப் பகுதி பின்னர் சேர்ந்தது.

நுவரெலியாவின் குளிரில் இவற்றை நிறுவினால் நல்லதல்லவா என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பதுண்டு. 1,868 மீற்றர் உயரத்தில் வளி அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்றின் நிறை குறைவதால் வலுவும் ஏறத்தாழ அதே அளவில் குறையும். குளிர் அதில் சிறு பகுதியையே திருப்பித் தரும். வினைத்திறனோ அமுக்க விகிதத்தையும் வெப்பநிலை விகிதத்தையும் சார்ந்திருப்பதால் குறையாது, குளிரால் சற்று உயரவும் கூடும். சுழலி சிறுத்துப்போகும், ஆனால் லீற்றருக்கு அலகு குறையாது.

மலையகத்துக்குப் பொருந்தக்கூடியது மீள்வெப்ப நுண்சுழலி ஒன்றுதான். தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்கு மின்சாரமும் வேண்டும், டிரையருக்குச் சுமார் 100 பாகைச் சூடான காற்றும் வேண்டும். 300 பாகையை ஒட்டி வெளிவரும் நுண்சுழலி வாயு இரண்டாவதை எளிதாகத் தரும். விறகு அடுப்பின் புகையைக் குழாய்களுக்குள் அடைத்துவைப்பது போலவே இந்த வாயுவையும் தேயிலையில் படாமல் வெப்ப மாற்றி வழியே அனுப்ப வேண்டும், தேயிலை எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும். மின்சாரமும் வெப்பமும் சேர்ந்து எரிபொருளின் 80 சதவீதம் வரை பயன்பட வாய்ப்புண்டு என்றாலும், தோட்டத்துச் சவுக்கு, டேப்பன்டைன் மரங்கள் விறகாகக் கிடைக்கும் வரை, டிரையரின் சூட்டுக்காக டீசலை எரிக்கச் சொல்லி எந்தத் துரையிடமும் நான் பேசப் போவதில்லை.