தலைக்காயத்துக்குப் பிறகு ஒரு மரத்தடிக் கூட்டம்: மூன்று வருட அனுபவம்

"எந்தப் பக்கம் வச்சாங்க தம்பி?"

பிசியோதெரபி அறை வாசலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார். எதைக் கேட்கிறார் என்று உடனே புரிந்துவிட்டது. வலப்பக்கம் என்றேன். அவர் சட்டையை லேசாகத் தூக்கி வயிற்றின் இடப்பக்கத் தழும்பைக் காட்டினார். தலையில் அடிபட்டு மூளை வீங்கும்போது, அதற்கு இடம் விட மண்டையோட்டில் ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள். அந்தத் துண்டை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவதும் உண்டு. வீக்கம் வடிந்ததும், சில மாதம் கழித்து, அதையே எடுத்துத் திரும்பப் பொருத்துவார்கள். அதுவரை என் தலை ஒரு பக்கம் குழிந்து கிடந்தது. இதையெல்லாம் விளக்கிச் சொல்லாமலே பேச முடிந்த முதல் ஆள் அவர்தான். மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்கிறார்.

நான் இரும்புக் கடையில் கணக்கு எழுதுபவன். 2022 பிப்ரவரியில் மதுரை ரிங் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தேன். ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பற்றி இனிமேல் என்ன சொல்ல. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவசமாகச் சிகிச்சை தரும் தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் இரண்டு நாளுக்குக் கைகொடுத்தது. அதைத் தொடங்கியே அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல். நடக்கிறேன், பேசுகிறேன், சாப்பிடுகிறேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் "நல்லாத்தான இருக்கீங்க" என்று ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரே பில்லை மூன்று தடவை கூட்டினால் மூன்று தொகை வந்தது. காலை பதினொரு மணிக்கு மேல் கடைப்பையன் பேசுவது காதில் விழும், ஆனால் வார்த்தையாக மாறாது. சின்ன விஷயத்துக்கெல்லாம் சுள்ளென்று கோபம். வீட்டில் என்னைச் சோம்பேறி என்று யாரும் சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டேன்.

பிசியோ வாசலில் பழகிய ஐந்து பேர், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் காந்தி மியூசிய வளாகத்து மரத்தடியில் சந்திக்கலாம் என்று முடிவு செய்தோம். முதல் கூட்டத்துக்கு இரண்டு பேர்தான் வந்தோம். ஏற்பாடு செய்தவரே மறந்துவிட்டார்! ஞாபகமறதிக்காரர்கள் கூட்டம் வேறு எப்படி இருக்கும்? அடுத்த மாதத்திலிருந்து வீட்டுக்காரர்கள் போன் செய்து நினைவூட்டினார்கள். இப்போது ஒன்பது பேர் வருகிறோம்.

இரண்டே விதிகள். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து நாற்பது நிமிஷத்தில் முடிக்க வேண்டும், எங்களுக்கெல்லாம் மூளை ஓடுவது காலையில்தான். அப்புறம், ஒரு தோள்துண்டு கைமாறும், துண்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். இரண்டு பேர் சேர்ந்து பேசினாலே எங்களில் பாதிப் பேருக்குத் தலை சுற்றும்.

என்ன கிடைத்தது? பூக்கடை அண்ணனுக்கு வாசனையே தெரியாது. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்பு இழைகள் சல்லடை மாதிரி ஓர் எலும்பு வழியாகப் போகின்றன. தலை அதிரும்போது அவை அறுந்துபோகலாம் என்று அவரிடம் டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது மல்லி மொட்டை விரலால் உருட்டிப் பார்த்து, கெட்டித்தன்மையை வைத்து விலை சொல்கிறார். "நாலு பேரு மோந்து பாத்துட்டு வாங்குறான், நான் தொட்டுப் பாத்துட்டு விக்கிறேன்" என்பார். எனக்கும் வாசனை பாதி போயிருக்கிறது என்பதே அவர் பேச்சைக் கேட்டபிறகுதான் உறைத்தது. அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கருகியும் பக்கத்து அறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சிலிண்டர் கேஸில் கெட்ட வாடையைக் கலப்பதே கசிந்தால் தெரிவதற்காகத்தான், எங்களுக்கு அது உதவாது. அவர் சொல்லித்தான் கேஸ் கசிந்தால் கத்தும் கருவி ஒன்றை வாங்கி மாட்டினேன்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் பிழைத்த டீச்சரம்மா ஒருவர் வருகிறார். அவர் யோசனைப்படி, வாசல் பக்கத்து ஸ்டூலில் பழைய அஞ்சறைப்பெட்டி ஒன்று இருக்கிறது. கடுகு இருந்த கிண்ணத்தில் வண்டிச் சாவி, சீரகம் இருந்ததில் இன்றைய மாத்திரை. சிரித்தவர்கள் சிரிக்கட்டும், வீட்டில் சாவி தேடும் சண்டை நின்றது.

கோபத்தைப் பற்றிச் சொன்னால், வலிப்பு வராமலிருக்க எனக்குக் கொடுத்திருந்த லெவெட்டிராசெட்டாம் மாத்திரை சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். கூட்டத்தில் இரண்டு பேருக்கு அப்படி ஆகியிருக்கிறது. டாக்டரிடம் கேட்டேன், அவர் வேறு மாத்திரைக்கு மாற்றினார், கோபம் பாதி குறைந்தது. மீதி என்னுடையது.

குறையும் சொல்ல வேண்டும். இதே பேச்சைக் கேட்ட இன்னொருவர், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டார். பத்தாம் நாள் பஸ் ஸ்டாண்டில் வலிப்பு வந்து விழுந்தார். அன்றிலிருந்து மாத்திரைப் பேச்சு வந்தால் "டாக்டரைக் கேட்டியா" என்று டீச்சரம்மா துண்டைப் பிடுங்கிவிடுவார். மூலிகைத் தைலம் விற்க ஒருவர் வந்தார், மூன்று பாட்டில் விற்றபிறகுதான் அனுப்ப முடிந்தது. காலேஜ் பையன் ஒருவன் இரண்டு தடவை வந்துவிட்டு நின்றுவிட்டான். "உங்களையெல்லாம் பாத்தா பயமா இருக்குண்ணே" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வந்தால் தேறிவிடலாம் என்று நினைத்து வந்தவனுக்கு, இத்தனை வருஷமாகியும் துண்டோடு உட்கார்ந்திருக்கும் எங்களைப் பார்த்தால் என்ன தோன்றும்?

மாற்றுத்திறனாளி சான்றிதழ் விஷயத்தில் கூட்டத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடு இருக்கிறது, தலைக்காயம் என்று தனி வகை கிடையாது. கை கால் இழுத்துக்கொண்டவர்களுக்கு அந்தக் கணக்கில் கிடைத்தது. ஞாபகமும் கவனமும் மட்டும் போனவர்கள் எந்த வரிசையில் நிற்பது என்று இன்னும் அலைகிறோம்.

என்னைக் கேட்டால், என்னைவிட என் மனைவிக்குத்தான் அதிகம் கிடைத்தது. கூட வரும் வீட்டுக்காரர்கள் தள்ளிப்போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. முதல் நாள் திரும்பும்போது "எல்லா வீட்லயும் இதே கததானாம்" என்றாள். அன்று மதியம் நாலு மணி வரை தூங்கினாள். அப்படித் தூங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இப்போது கடைக்கு அரைநாள் போகிறேன். இனிமேல் முழுநாள் முடியுமா என்று போன மாதம் பூக்கடை அண்ணனிடம் கேட்டேன்.

"எதுக்கு?" என்றார்.