மலைப்பாதை வெப்சைட் செய்து தருகிறோம் என்று வருகிறவர்களிடம் உஷார்

பெரியகுளம் பக்கம் மலை ஏறுகிற நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் சுற்றுவட்டாரப் பாதைகளுக்கு ஒரு வெப்சைட் செய்யலாம் என்று ஆரம்பித்தோம். பாதையின் பெயரைத் தொட்டால் மேப்பில் கோடு வர வேண்டும், கீழே ஏற்ற இறக்கம் கிராஃபாகத் தெரிய வேண்டும், எங்கே தண்ணீர் இருக்கும், எதற்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டோம். வேலையை எடுத்த கம்பெனியின் பெயரை இப்போது போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறோம், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனால் இதே மாதிரி எண்ணத்தோடு இன்னும் நாலு குழுக்கள் இருப்பது தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் பில்லிலேயே 'மேப் லைசன்ஸ், ஆண்டுக்கு 18,000' என்று ஒரு வரி. எந்த மேப் என்று கேட்டால் பிரீமியம் மேப் சார் என்றார்கள். பார்த்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். உலகம் முழுக்க தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்தது, அந்தத் தகவலுக்கு யாரும் லைசன்ஸ் கட்டணம் கட்டத் தேவையில்லை, அவர்கள் பெயரை மூலையில் போட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இவர்கள் அந்தப் பெயரை அழித்துவிட்டு அதற்குத்தான் காசு கேட்டிருக்கிறார்கள். மேப்பை வெப்சைட்டில் காட்டும் லீஃப்லெட் என்ற மென்பொருளும் இலவசம்தான்.

சரி, காசு விஷயம் என்று அதோடு விட்டிருக்கலாம். பாதைக்கு வருவோம். கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி என்ற மலைக்கிராமம் வழியாக வட்டக்கானல் போகும் பழைய பாதையை நாங்களே நடந்து ஜிபிஎஸ்ஸில் பதிந்து, நடந்த பாதையைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பாகக் கொடுத்திருந்தோம். பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும் என்று சொல்லி அதிலிருந்த புள்ளிகளில் பெரும்பாலானவற்றை வெட்டி எறிந்துவிட்டார்கள். வளைந்து வளைந்து ஏறும் இடமெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஆகிவிட்டது, ஒரு இடத்தில் கோடு நேராகப் பள்ளத்துக்குள் இறங்கி எதிர்ச்சரிவில் ஏறுகிறது. தூரமும் குறைந்துபோனது. இதை நம்பி வருகிறவன் தண்ணீரையும் குறைவாகத்தானே எடுத்து வருவான்?

கிராஃப் அதைவிட மோசம். விரலை நகர்த்தினால் மேப்பில் புள்ளி கூடவே நகர வேண்டும் என்று பேச்சு. நகரவில்லை, ஏனென்றால் அது வெறும் படம். எல்லாப் பாதைக்கும் ஒரே படம். உச்சியில் 3,300 மீட்டர் என்று போட்டிருந்தது. தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்! ஏதோ இமயமலைப் பாதைக்குச் செய்ததை அப்படியே தூக்கி ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளகெவிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்த குறிப்பைக் காணோம், அந்த இடத்தில் 'கார் பார்க்கிங் வசதி உண்டு' என்று இருக்கிறது.

இதையெல்லாம் திருத்தச் சொல்லி மெயில் போட்டோம். மீதிப் பணத்தைக் கட்டினால்தான் கை வைப்போம் என்றார்கள், நாங்கள் கட்டவில்லை. அப்புறம் செய்ததுதான் அநியாயம். அனுமதி பற்றிய எச்சரிக்கையை எடுத்துவிட்டு அங்கே 'இப்போதே புக் செய்யுங்கள்' என்று ஒரு பட்டன் வைத்தார்கள். அழுத்தினால் யாரோ ஒரு டூர் ஆளின் வாட்ஸ்அப் திறக்கிறது, அவர் தலைக்கு இவ்வளவு என்று அட்வான்ஸ் கேட்கிறார். கோவையிலிருந்து ஒரு தம்பி போன் செய்து "அண்ணா, பணம் போட்டாச்சு, எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரியும்.

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தது எங்கள் மாவட்டத்தில். அதற்குப் பிறகும் அனுமதி இல்லாமல் ஆள் கூட்டிப்போக ஒருத்தன் எங்கள் குழுவின் பெயரை வைத்துக் காசு வாங்குகிறான் என்றால் என்ன சொல்வது? முறையாகப் போக வழி இல்லாமலும் இல்லை. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து ஆன்லைனில் பதிவு செய்ய வைத்திருக்கிறது.

பட்டனை நாங்களே எடுக்க முடியவில்லை. டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, எங்கள் பெயரில் பதியச் சொல்லி மெயிலில் தெளிவாக எழுதியிருந்தும் அவர்கள் தங்கள் கணக்கில் பதிந்திருக்கிறார்கள். இன்வாய்ஸில் 'டொமைன் உட்பட' என்று இருப்பதில் ஒன்றும் இல்லை, டொமைன் விற்ற இடத்தில் உங்கள் மெயிலை வைத்து நீங்களே லாகின் செய்ய முடிகிறதா என்று பாருங்கள், முடிந்த பிறகு அடுத்த தவணையைக் கொடுங்கள். வெப்சைட்டின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங்குக்கும் அதேதான். டெமோ காட்டும்போது உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு கொண்டை ஊசி வளைவைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள், கோடு வளைகிறதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறோம், ரேஞ்சர் அலுவலகத்திலும் கடிதம் கொடுத்தாகிவிட்டது. அந்த வாட்ஸ்அப் ஆளுக்குப் பணம் அனுப்பியவர்கள் யாராவது இதைப் படித்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், பரிவர்த்தனை ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் எங்களுக்கும் ஒன்று அனுப்புங்கள், எங்கள் புகாரோடு சேர்த்துக்கொள்கிறோம்.