உதகை சீசன் கடையில் விற்ற 108 உருப்படி டூல் செட்: ஓர் எச்சரிக்கை

கடந்த மே மாத சீசனில், உதகையில் தற்காலிகமாக வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்த ஒரு கடையில், ‘குரோம் வனேடியம்’ (கருவிகளுக்கான உறுதியான எஃகுக் கலவை) என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட 108 உருப்படி சாக்கெட் (போல்ட் தலையில் மாட்டித் திருகும் குழல்) செட் ஒன்றை ரூ.2,800 கொடுத்து வாங்கினேன். ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது போன்ற வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ளக் கருவிகள் சேர்க்கும் நீலகிரி நண்பர்கள் அதே பெட்டியை வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மலைச் சாலையில் ஓடும் வண்டிக்குப் பிரேக் பேட் சீக்கிரம் தேயும் என்பதால் அந்த வேலையைத்தான் முதலில் எடுத்தேன். கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலில், பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் போல்ட்டில் 14 மி.மீ. சாக்கெட்டை மாட்டி, அதைத் திருப்பும் கைப்பிடியான ராட்செட்டை அழுத்தியபோது, போல்ட் அசையவில்லை. சாக்கெட்டின் சுவர்தான் விளிம்பிலிருந்து நெடுகப் பிளந்தது. பிளந்த இடத்தில் முலாம் சுருண்டு உரிந்து, அடியில் மங்கிய சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. அதற்குள் போல்ட் தலையின் முனைகளும் மழுங்கிவிட்டதால் வேறு சாக்கெட் எதுவும் அதைப் பிடிக்கவில்லை. கடைசியில் மெக்கானிக் வீட்டுக்கே வந்து வைஸ் கிரிப்பால் கவ்விக் கழற்றினார். அவருக்கான கூலியும் புதுப் போல்ட்டும் தனிச் செலவு.

பிறகு பெட்டியை முழுவதும் கொட்டிப் பார்த்தேன். 108 என்ற எண்ணிக்கையில் பெரும்பகுதி ஸ்குரூடிரைவர் பிட்டுகளும் ஆலன் கீகளும்தான். ‘குரோம் வனேடியம்’ என்பது அட்டையில் மட்டுமே இருந்தது. எந்த சாக்கெட்டிலும் அந்த முத்திரையோ தயாரிப்பாளர் பெயரோ இல்லை. பொட்டலமிட்டு விற்கும் பொருளில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதி. இந்தப் பெட்டியில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

பில் என்று கொடுத்ததும் ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டுதான். ஜிஎஸ்டி எண்ணோ முகவரியோ கிடையாது, அதிலிருந்த கைப்பேசி எண்ணும் வேலை செய்யவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் அங்கே இப்போது ஸ்வெட்டர் விற்கிறார்கள், பழைய ஆள் எந்த ஊர் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமின்றி வழக்கும் தொடரலாம். ஆனால் யார் மீது தொடர்வது?

அதே பணத்துக்கு நல்ல கம்பெனியின் ரிங் ஸ்பேனர் செட்டும், மாருதி வண்டிகளில் அதிகம் தேவைப்படும் 10, 12, 14 மி.மீ. அறுமுனை (உள்ளே ஆறு மூலை உள்ள) சாக்கெட்டுகளும் நிரந்தரக் கடையில் ஜிஎஸ்டி பில்லோடு கிடைக்கும். பன்னிரண்டு முனை சாக்கெட் துருவேறிய போல்ட்டின் தலையை எளிதில் மழுக்கிவிடும் என்பதால், மழையும் பனியும் ஓயாத நம் ஊருக்கு அறுமுனையே ஏற்றது.

அந்தக் கடையில் 2 டன் ஜாக்கியும் விற்றார்கள். அதை வாங்கியவர்கள் யாரேனும் இருந்தால், சரிவான வாசலில் அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போக வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தரமான ஜாக்கி ஸ்டாண்டின் (எடையைத் தாங்கும் இரும்பு முட்டு) மீது வண்டியை இறக்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.